சேமக்காலையில் ஒரு ஜேர்மன் சொல்

திருகோணமலை,
நவம்பர் 4.

அன்பு மகள் தினுஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் சின்னவனும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் சுகம், முழங்காலைத் தவிர. ஜேர்மனிக்கே வந்து எங்களோடு இருங்கள் என்று கேட்டிருந்தாய். வரமாட்டேன். காரணத்தைச் சொல்லுகிறேன், குறுக்கே பேசாமல் வாசி.

சின்னவனின் ஞானஸ்நானத்துக்கென்று நானும் அம்மாவும் வந்தோம். நான் மட்டும் திரும்பினேன். கூட வந்தது உங்கள் நாட்டுச் சொற்கள்தான். காலம் முழுக்கத் துறைமுகக் கந்தோரில் கப்பல்காரரோடு இங்கிலீஷ் பேசியவன் நான். அந்த இங்கிலீஷ் உங்கள் ஊர்ப் பாண் கடையில்கூட எடுபடவில்லை. ஆகவே காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டேன். இப்போது அவை நாக்கை விட்டு இறங்கமாட்டோம் என்கின்றன. மீன் கொண்டுவரும் கிண்ணியா அபூதாஹிர் நானா, இந்தப் பாரை மீன் இன்று பிடித்தது என்றால், நான் "கெனாவ்" என்கிறேன், அதாவது நீங்கள் சொன்னது மெத்தச் சரி என்று. அந்த மனுசன் அதைப் பிடித்துக்கொண்டு இப்போது தெருவெல்லாம் கெனாவ் என்று கூவித்தான் மீன் விற்கிறார். போன ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியிடம் "ஃபைரபென்ட்" என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அங்கே பின்னேரங்களில் சந்தோசமாகச் சொல்லுவார்களே, அதுதான். சுவாமி அதை ஏதோ லத்தீன் என்று நினைத்து ஆமென் சொன்னார்.

இதெல்லாம் பகிடி. முந்தாநாள் நடந்தது அப்படி இல்லை. மரித்த ஆத்துமாக்களின் நாள். ஊர்ச் சனம் முழுக்கச் சேமக்காலையில் தங்கள் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிறது. நானும் ஒரு பெட்டித் திரியோடு போனேன், கொளுத்த இடமில்லை. என் தாய் தகப்பன் கிடக்கிறது மன்னாரில். அம்மாவை உங்கள் ஊர்ச் சேமக்காலையில் பனிக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரியைத் திரும்பக் கொண்டுபோக மனம் வரவில்லை. மூலையில் ஒருவரும் வராத கல்லறை ஒன்று, பெயரைப் பார்த்தால் ஒரு பெண். அதிலே எல்லாத் திரியையும் கொளுத்தி, முழங்காலில் நின்று, அம்மாவின் பெயரைச் சொல்லி, இன்பமலர் இன்பமலர் என்று வாய்விட்டு அழுதேன். கண்ணைத் திறந்தால் அந்த மனுசியின் பிள்ளைகள் நிற்கிறார்கள். பஸ் பிந்திப் போய்விட்டதாம்.

மகன்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஐயா, எங்கட அம்மாவை உங்களுக்கு எப்ப தொட்டுப் பழக்கம்?" என்றான். வாயில் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. "லைடர்" என்றேன். வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை ஒருவரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. அங்கே அம்மா கிடந்த ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லில்தான் கதையைத் தொடங்குவார். கடைசி நாளும் அப்படித்தான் தொடங்கினார், நீ மொழிபெயர்க்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு ஒருமாதிரித் தமிழ் வந்து, உள்ளதைச் சொன்னேன். மகன்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மகள்காரி தன் பையிலிருந்த திரியில் பாதியை எடுத்து என் கையில் தந்தாள். "இனி வருசா வருசம் இஞ்சயே வந்து கொளுத்துங்கோ ஐயா. அம்மா ஒண்டும் சொல்லமாட்டா" என்றாள்.

ஆகவே எனக்கு இங்கே ஒரு கல்லறை கிடைத்துவிட்டது. இனி அங்கே வந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. டிக்கெட் போடாதே. அந்தப் பாஷையையும் இன்றோடு விட்டுவிட்டேன்.

சின்னவனுக்கு என் முத்தம். மருமகனைக் குளிருக்குத் தலையை மூடச் சொல். மாதா உங்கள் வீட்டை விட்டு நகராமல் இருப்பாளாக.

உன் அப்பா,
கிறிஸ்தோபர்

பி.கு.: அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று அந்தச் சேமக்காலைக்காரரிடம் ஜேர்மனில் எப்படிக் கேட்பது? எழுதி அனுப்பு. அதைக் கேட்க உன்னால் ஏலாது, பிள்ளை. நான் வந்து நானே கேட்கிறேன்.