ஒப்பனை ட்ரையலில் ஓர் ஆள்மாறாட்டம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரித்து உறுதி செய்துகொள்ள இப்போது நேரமில்லை. எனக்கு வலது காதுக்குப் பின்னால் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காதுக்குக் காரணம் நீ.

என் பெண், அதாவது உன் மருமகளின் கல்யாணத்துக்கு நீ சிபாரிசு செய்த மேக்கப்காரம்மாவை, இந்தக் கடிதம் கண்டதும் போன் போட்டு கேன்சல் செய்துவிடு. எடுத்த எடுப்பிலேயே 'ட்ரையல்' என்றாளே, அதுவே எனக்கு இடித்தது. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்தவன் நான். எரிந்த கடையைப் பார்த்தாலே தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்லிவிடுவேன். தொழில் தெரிந்தவளுக்கு ஒத்திகை எதற்கு? போனில் கேட்டேன். "ஸ்கின்னுக்கு எது செட் ஆகும்னு பாக்கணும் சார்" என்று பூசி மெழுகினாள். அப்புறம் ஒரு படிவம் அனுப்பினாள். அதில், 'எளிதில் அழுவீர்களா? கொஞ்சமா, நிறையவா?' என்று ஒரு கேள்வி. எந்தக் கம்பெனியும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. 'விண்ணப்பதாரர் திடமானவர்' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டாளா? கிரீமைக் காதுக்குப் பின்னால் தடவி ரெண்டு நாள் பார்க்கணுமாம். பெற்ற பெண்ணைச் சோதனைக்குக் கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? எனக்கு முதலில் தடவும்மா என்று போய் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு நாள் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் குளித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகாமல் இருக்குமா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் இப்போது புண்ணாகி இருக்கிறது.

இதில் உன் மருமகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரம் ஆகிறது. மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போய் நான் நாலு பேரிடம் விசாரித்தது அவள் காதுக்குப் போய்விட்டது. "உங்களுக்கு அவரப் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள். "விசாரணை இன்னும் முடியல" என்றேன். அன்றிலிருந்து 'சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்', 'கதவப் பூட்டிக்கோங்க', இவ்வளவுதான் பேச்சு. உன் அண்ணி இருந்தால் ரெண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டிச் சரி செய்திருப்பாள். இப்படியே மனசு கசந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அதனால்தான் கூப்பிடாமலே அவளோடு ட்ரையலுக்குக் கிளம்பினேன்.

அங்கே போனால் ஒரே நேரத்துக்கு ரெண்டு கல்யாணப் பெண்களுக்கு புக்கிங். அதுவே சரியில்லை. என்னை வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ரெண்டு பெண்களையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ரெண்டரை மணி நேரம் ஹேர் டிரையர் சத்தம். கால் மரத்துப் போச்சு. அப்புறம் அந்த இன்னொரு பெண் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. கழுத்து வரைக்கும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது, முடி நேராக இடுப்பு வரை தொங்கியது, கண் ரெண்டும் பழுப்பு. "லிப்ஸ்டிக் காயணும்மா, பத்து நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேக்கப்காரம்மா உள்ளே போய்விட்டாள். யார் பெற்ற பிள்ளையோ, என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தது, பாவம். வாயைத் திறக்காத ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என் பொண்ணும் உள்ளதாம்மா இருக்கா. எம்மேல கோவம். மாப்பிள்ளப் பையன எல்லாப் பக்கமும் தோண்டிப் பாத்துட்டேன்மா, ஒரு குத்தம் கெடைக்கல. தங்கமான பையன். எனக்கே ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா விசாரணை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அவ கெளம்பிடுவாளே. அதான் இழுத்துக்கிட்டே இருக்கேன். அவ போயிட்டா சந்தேகப்படக்கூட வீட்ல எனக்கு ஆளில்லம்மா."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது, எழுந்து உள்ளே ஓடிவிட்டது. நல்ல மனசு.

அரை மணி கழித்து நம் வீட்டுப் பெண் வந்தாள். மேக்கப் எங்கே? கழுவின முகம், ஈரத் தலை, எப்போதும் போடும் மூக்குக் கண்ணாடி. கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஏதோ கெமிக்கல் பட்டிருக்கிறது! வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பார்வை மங்கியிருக்கும் போல.

சாயங்காலம் மேக்கப்காரம்மா என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பி, 'உங்க பொண்ணோட லுக் சார்' என்று எழுதியிருந்தாள். பார்த்தால் அந்த இன்னொரு பெண்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பெரிசு பண்ணிப் பார்த்தேன். சுருட்டை முடி இல்லை, கன்னத்தில் மச்சம் இல்லை, ஒரு அங்க அடையாளம்கூட ஒத்துப்போகவில்லை. அப்பட்டமான ஆள்மாறாட்டம். என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்க்கிறாள். ஆகவே உடனே கேன்சல் செய்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மச்சானின் முதுகுவலி, நிஜமாகவே இருக்குமானால், சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
யாரிடமும் ஏமாறாத உன் அண்ணன்.

பின்குறிப்பு: கேன்சல் செய்யாதே. கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஸ்டாம்ப் தேடப் போனேன். திரும்பி வந்தால் உன் மருமகள் படித்துக்கொண்டிருக்கிறாள். என் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று கேட்காதே. முப்பத்தொரு வருஷ சர்வீஸும் போச்சு.

"விசாரண முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள். முடிஞ்சுதும்மா என்றேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்குச் சொன்னதெல்லாம் இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. அப்ப என்னால பதில் பேச முடியல."

சொன்னேன். அவளும் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டு நீ போன் செய்வாய், எனக்குத் தெரியும். அதை நான் யாருக்கும் சொல்வதாக இல்லை.