உட்காராப் பெரும்போர்

முழங்கால்களே, வாழ்க! மனிதன் தவழ்ந்த நாளில் தரையில் தேய்ந்து, நிமிர்ந்த நாளில் அவன் பாரமெல்லாம் தாங்கி, அவன் ஐம்பதைத் தொட்ட நாளில் படிக்கட்டைக் கண்டாலே கறக் கறக் என்று முறையிடத் தொடங்கும் இரட்டைச் சில்லுகளே, உங்களை முதற்கண் வணங்குகிறோம். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் புறப்பட்ட ஒருவரைப் பற்றியதே இக்காவியம்.

கோப்புக் குன்றங்களைக் குடைந்தேறிய கொற்றவர், முத்திரைக் கட்டையையே முரசாக்கி மேசையதிர முழக்கியவர், மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் விழிமூடி வீற்றிருந்தும் வேலை பார்ப்பதாகவே உலகை நம்பவைத்த வித்தகர், காப்பீட்டு அலுவலகத்தின் கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர், அவரே நம் தலைவர். சென்ற இருபது ஆண்டுகளில் அவர் ஏறிய ஆகப் பெரிய உயரம் வீட்டுப் பரண். அதிலும் பாதி ஏணியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

எதிர்த்தலைவரோ பல் மருத்துவர். கண்காணிப்பாளர் மனைவியின் அக்காளை மணந்தவர், ஆகவே மூத்த சகலை. கடைவாய்க் கோட்டைகளைத் தகர்த்துப் பல்லாயிரம் பற்களை வேரோடு களைந்த குறடேந்திய கோமான். எதிரே இருப்பவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுப் பேசியே பழகியவராதலால், தம் பேச்சுக்கு மறுபேச்சு என்று ஒன்று உண்டு என்பதையே அறியாதவர்.

இவ்விரு வேந்தர்க்கும் பகை மூண்ட களம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அலுவலகத்தில் சிலர் வார இறுதியில் மலையேறுகிறார்களாம், தாமும் போகலாமென்று இருப்பதாகக் கண்காணிப்பாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"சகலையா? ஆபீஸ் மாடிப்படி ஏறினாலே சகலைக்கு மூச்சு வாங்குமே!" என்றார் பல் மருத்துவர்.

மாமனார் சிரித்தார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். இருபது ஆண்டுகளாக இரண்டாம் மாப்பிள்ளையாகவே இருந்து, அவ்வீட்டின் சாய்வு நாற்காலி மூத்தவருக்கே உரியது என்று பழகிப்போனவர் கண்காணிப்பாளர். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு நிஜமாகவே வலித்தது.

எழுந்தார். எச்சில் கையை உயர்த்தினார். "வர்ற சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் மலைக்குப் போறோம், அண்ணா! உச்சியைத் தொடுற வரைக்கும் யாரு முதல்ல உக்கார்றாங்களோ அவங்க தோத்தாங்க!" என்று சூளுரைத்தார். பல் மருத்துவரும் எழுந்து, "சம்மதம்!" என்று முழங்கினார். "ரெண்டு பேரும் முதல்ல உக்காந்து சாப்பிட்டு முடிங்க," என்றார் மாமியார்.

நம் தலைவர் போர்க்கோலம் பூண்டதைப் புகலக் கேளீர். முதுகை மறைத்து, கழுத்தை மறைத்து, பின்னாலிருந்து பார்ப்போர்க்குக் கால் முளைத்த பீரோவெனத் தோன்றிய பதினெட்டுக் கிலோ முதுகுப்பை. அதனுள் திசைகாட்டி, வரைபடம், பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கும் வீரர்க்கு இன்றியமையாத தலைவிளக்கு, இருபத்தொரு அலகுடைய மடிப்புக் கத்தி, இருவர் படுக்கும் கூடாரம். இரு கையிலும் இரு ஊன்றுகோல். சாப்பாடு மட்டும் இல்லை. அதைப் பெண்கள் கொண்டுவருவார்கள் என்று விட்டுவிட்டார். அக்காளும் தங்கையும் அன்றாடச் செருப்போடு, ரொட்டியும் ஆப்பிளும் ஃபிளாஸ்க் காபியும் வைத்த ஒரே ஒரு துணிப்பையோடு வந்தார்கள்.

மலையடிவாரத்தில் அக்காள் மொழிந்தாள்: "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. நாங்க அங்கங்க உக்காந்து உக்காந்து வர்றோம்."

மூண்டது போர். முதல் அரை மணியில் வீரர் இருவரும் வில்லினின்று விடுபட்ட அம்பென விரைந்தனர். அடுத்த அரை மணியில் அம்புகளுக்கு இளைத்தது. உட்காரத்தான் கூடாது, நிற்கலாம் என்பது விதி. ஆயினும் காரணமின்றி நிற்பவன் களைத்தவன் என்று எதிரி கணித்துவிடுவானே! ஆகவே நிற்பதற்குக் காரணங்கள் பிறந்தன. மருத்துவர் தம் காலணிக் கயிற்றை ஏழு முறை அவிழ்த்து ஏழு முறை கட்டினார். கண்காணிப்பாளரோ இயற்கையின்பால் காதல் கொண்டார். செங்குத்தான இடம் வரும்தோறும், "ஆகா, என்ன ஒரு காத்து!" என்று பாறையில் சாய்ந்தார்; பூ ஒன்றுகூட இல்லாத ஒரு புதரை ஆறு நிமிடம் படமெடுத்தார். மலையழகைப் பாடுவோரை நீங்கள் எங்கே கண்டாலும் அவர்கள் நெஞ்சின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே உலைத்துருத்தி ஊதும்.

இரண்டாம் மணியில் நம் தலைவர் புண்பட்டார். மார்பில் ஏற்றால் விழுப்புண், முதுகில் ஏற்றால் புறப்புண் என்று வகுத்தனர் முன்னோர். புதுக் காலணி கடித்த இக்கொப்புளமோ குதிகாலில், அதாவது பின்புறத்தில் எழுந்தது. நாணினார். நொண்டுவதை மறைக்க மெட்டு ஒன்றை முணுமுணுத்தபடி அதன் தாளத்துக்கேற்ப நொண்டினார். 'எல்லாம் அவ ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரிக்காம இருக்கத்தான்' என்று எண்ணிக்கொண்டார். அந்த ஓர் எண்ணம் மட்டும் அந்தப் பதினெட்டுக் கிலோவில் சேராத தனிச் சுமை.

அப்போது வந்தது, இக்காவியத்தின் விதியை வகுத்த கவர்வழி. பாதை இரண்டாகப் பிரிய, நடுவே ஒரு பலகை, எழுத்தோ பொடி. அதைப் படிக்க வேண்டுமானால் கண்ணாடியை எடுக்க வேண்டும். கண்ணாடியோ, வரைபடமோ, திசைகாட்டியோ எடுக்க வேண்டுமானால் பையை இறக்க வேண்டும். இறக்கக் குனிய வேண்டும். குனிந்தால் முழங்கால்கள் அதன்பின் தம் பேச்சைக் கேளா என்பதைக் கண்காணிப்பாளர் அறிவார். மூத்தவர் படித்திருப்பார் என்று இளையவர் நினைத்தார். இளையவர்தானே வரைபடம் வைத்திருக்கிறார் என்று மூத்தவர் நினைத்தார். எதிரியின் முன் வழி கேட்பதா? பிடரி சிலிர்த்த இரு சிங்கங்களும் இடப்பக்கம் திரும்பின. ஊரே வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு மணி நேரம் முள்ளிலும் சரளையிலும் உருண்டும் புரண்டும், நாக்கு வெளியே தள்ளியும், இறுதியில் தோளோடு தோள் இடித்து, ஒருவரை ஒருவர் முழங்கையால் தள்ளி, இருவரும் ஒரே நொடியில் உச்சியை மிதித்தனர். போர் முடிந்தது, இனி உட்கார்ந்தாலும் இழுக்கில்லை என்று இரு பேரரசர்களின் இடுப்புகளும் ஒருங்கே தாழத் தொடங்கின. அப்போதுதான் எதிரே இருந்த சுவர் கண்ணில் பட்டது. அதில் அடியளவு எழுத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி, இவ்வாறு எழுதியிருந்தது: குடிநீர்த் தொட்டி. அந்நியர் நுழையக் கூடாது.

பள்ளத்துக்கு அப்பால், இதைவிட இருமடங்கு உயரத்தில், உண்மையான உச்சி நின்றது. அதன் மேல் இரு பெண்கள் கால் நீட்டி அமர்ந்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இது உச்சியன்று. ஆகவே போர் முடியவில்லை. ஆகவே உட்காரவும் முடியாது! பாதி மடங்கிய முழங்காலோடு, நாற்காலி இழுக்கப்பட்ட விருந்தாளிகள்போல் இருவரும் அந்தரத்தில் நின்றனர். ஐந்து நொடி. பத்து நொடி. பல்லாயிரம் பற்களைப் பிடுங்கிய பேராற்றல் நடுங்கியது, வியர்த்தது, "அம்மா" என்றது, தொப்பென்று தொட்டியின் படிக்கட்டில் அமர்ந்தது. தோற்ற வேந்தர் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடுவது பண்டை மரபு. மருத்துவர் எத்திசை நோக்கி அமர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. திசைகாட்டி பையின் அடியில் கிடந்தது.

வென்றார் நம் தலைவர்! உலகமே திரண்டு பார்த்திருக்க வேண்டிய அக்காட்சியைக் கண்டது ஒரே ஒரு காகம். அதுவும் ரொட்டி இல்லையென்று தெரிந்து பறந்துவிட்டது.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, எங்க இருக்கீங்க? நாங்க வந்து முக்கால் மணி நேரமாச்சு."

"அண்ணா உக்காந்துட்டாரு!" என்று இரு மலையும் எதிரொலிக்கப் பறைசாற்றினார் கண்காணிப்பாளர். "நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்! நான் ஜெயிச்சுட்டேன்!"

"யாரு பார்த்தா?"

"வழுக்கிடுச்சும்மா! நான் உக்காரவே இல்ல!" என்று படிக்கட்டில் இருந்தபடியே கத்தினார் பல் மருத்துவர்.

மறுமுனையில் அக்காளும் தங்கையும் சிரித்தார்கள். தங்கையின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. கண்காணிப்பாளர் அதை முடியும்வரை கேட்டுவிட்டு, பையோடு அப்படியே மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திங்கறதுக்கு எதாச்சும் இருக்கா, சகலை?"

"இல்லண்ணா. எல்லாம் அவங்ககிட்ட இருக்கு."

இவ்வாறாக, முள் கிழித்த மேனியும் முறுக்கவிழ்ந்த மீசையுமாக, ஒருவர் வெற்றியை மற்றவர் ஒப்பாமலும், ஒருவர் தோல்வியைத் தாமே ஒப்பாமலும், ஊன்றுகோலை ஆளுக்கொன்றாய்ப் பகிர்ந்துகொண்டு, அமர்தற்கரிய அரியணையை நாடி அடிவாரம் சேர்ந்தனர் அம்மாவீரர் இருவரும். ஐந்தரை மணி பேருந்தில் அக்காளுக்கும் தங்கைக்கும் மட்டும்தான் உட்கார இடம் கிடைத்தது.