‘ஈ’ என்னும் கருவிக்கு நிரந்தர இடம்

மனிதகுலம் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கடுத்த பெருஞ்செயல் சென்ற மாதம் பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில், ஒரு தொலைபேசிக் கடையின் மேல்மாடியில் நடந்தது. பெரிய நிறுவனங்களுக்கு ஜாவா மென்பொருள் செய்து கொடுக்கும் நெடுஞ்செழியன் சார், தானாகவே நிரல் எழுதும் கருவிகளை ‘மதிப்பீடு’ செய்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தேத்தண்ணி கொண்டுபோவது நான்தான் என்பதால் எல்லாவற்றையும் பார்க்கும் பேறு பெற்றேன்.

உயர்மட்டக் குழுவில் இருவர்: சாரும், கொள்முதல் பார்க்கும் மிருணாளினி அக்காவும். ஊழியர் விடுமுறையைக் கணக்கிடும் நிரல்தான் சோதனை. பாரபட்சம் வரக்கூடாதென்று பெயர்களை மறைத்து அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகள் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மனிதன் எழுதிய ஒன்றும் வேண்டுமே? அதை எழுதியவர் அங்கே வேலை செய்யும் கிருஷாந்த் அண்ணா. அவருடைய ஒப்பந்தம் மாத முடிவோடு சரி. புதுப்பிக்காவிட்டால் வதிவிட அட்டையும் போய்விடும்.

‘அ’ ஒருநாள் லீவுக்கு நாற்பது கோப்புகள் எழுதியது.

“இதுதாம்மா என்டர்பிரைஸ் லெவல்!” என்று சார் நெகிழ்ந்தார். ஓடவிட்டால் ஓடவில்லை.

‘ஆ’ சாருக்கே பிரசவ விடுமுறை கொடுத்தது. ‘இ’ பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊழியர் எல்லோரையும் பட்டியலிலிருந்து அழித்தது.

“சம்பளம் மிச்சம் சேர்,” என்றார் அக்கா.

‘ஈ’ மட்டும் பிழையில்லாமல் ஓடியது.

“பிரமாதம்! இதையே வாங்கிடுங்க.”

அக்கா, மறைத்திருந்த பெயரைத் திறந்து பார்த்தார். “சேர், இது கருவியில்லை. எங்கட கிருஷாந்த்.”

“ஐயையோ! ஆளுக்கு பட்ஜெட் இல்லையேம்மா, கருவிக்குத்தானே இருக்கு?”

“அப்ப கருவியாவே எடுப்பம்.”

கிருஷாந்த் அண்ணாவைக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, உமக்கு இஞ்சை நிரந்தரம்.”

“மெய்யாவோ அக்கா? நிரந்தர வேலையோ?”

“அதுக்கும் மேல. நிரந்தர லைசென்ஸ்.”

“அப்ப என்ர வதிவிட காட்?”

“கருவிக்கு எதுக்குப்பா விசா?” என்று சார் தட்டிக்கொடுத்தார்.

என்ன பெருந்தன்மை! மனிதனாக இருந்தவரை ஆறு மாத ஒப்பந்தம். கருவியானதும் ஆயுள் முழுக்க. இப்போது அவர் பதிப்பு 1.0. சாப்பிடப் போனால் ‘பராமரிப்பு நேரம்’.

நேற்று, வதிவிட அட்டை விஷயமாகக் குடிவரவு அலுவலகத்தில் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருநாள் லீவு கேட்டார். தான் எழுதிய நிரலிலேயே கேட்டார். அது வழக்கம்போல் பிழையில்லாமல் பதில் சொன்னது: ‘இந்தப் பெயரில் ஊழியர் எவரும் இல்லை.’

‘இ’ தவறுதலாகச் செய்ததை, குழு ஒருவரி நிரல்கூட எழுதாமல் செய்து முடித்திருந்தது.