பாலத்து மேல வச்ச எலுமிச்சம்பழம்

புது வண்டின்னா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சி நசுக்காம ஓட்டக்கூடாது. நம்ம நொச்சிக்குப்பத்துல கொழந்தைக்கும் தெரியும். கனடா ஆபீசருக்குத் தெரியல, அதுக்கு நான் இன்னா பண்றது?

என் புள்ள சேகரு அமெரிக்காவுல டெட்ராய்ட்டுல இருந்தான், நான் அவனப் பாக்கப் போயிருந்தேன். ஆத்துக்கு அந்தாண்ட விண்ட்சரு, அது கனடாவாம். நடுவுல ஒரு பாலம், நம்ம அடையாறு பாலத்த பத்து கோத்து வச்சா மாரி. (நம்மூர்ல பாலத்து மேல போறவன எவனும் கேக்க மாட்டான். கீழ குடிச போட்டவனத்தான் காயிதம் கேட்டு ஊருக்கு வெளிய தள்ளுவான். அங்க மேல போறவனயே காயிதம் கேக்கறான்.)

சேகருக்கு விண்ட்சர்ல புது வேல. பழைய வேலய வுட்டுட்டான். பாலத்து அந்த முனையில ஆபீசரு பர்மிட்டு குடுத்தாத்தான் திங்கக்கெழம சேர முடியும். வண்டியும் புச்சு, அன்னிக்குத்தான் மொத சவாரி.

"யம்மா, பையில காய், பழம் எதனா கீதா? கேப்பாங்க."

"பையில ஒண்ணும் இல்லடா."

பையில இல்லதான். ஸ்வெட்டர் பாக்கெட்டுலல்ல இருந்திச்சி.

அந்த முனையில கண்ணாடி ரூமுக்குள்ள ஒரு நெட்டையன். இன்னாவோ கேட்டான், சேகரு "நோ, நோ"ன்னான். அவன் பாஸ்போர்ட்ட பொரட்டிக்கினு இருக்கும்போது நான் நெனச்சேன், இதான அந்த நாட்டு வாசப்படி, இங்க வைக்காம எங்க வைக்கிறது. எறங்கி, நாலு டயருக்கும் நாலு பழம் வச்சிட்டு, கையத் தட்டிக்கினு நிமிந்தேன். எதிர்க்க அஞ்சாறு ஆபீசரு, ஒரு நாயி.

சேகரு மூஞ்சி ஐசுல கெடந்த வவ்வாலு மீனு மாரி வெளுத்துப் போச்சி. "யம்மா, கைய மேல தூக்கு." தூக்கினேன். (கோயில்ல கூட அவ்ளோ பக்தியா தூக்கினதில்ல.)

நாயி பழத்த மோந்து பாத்து தும்முச்சி.

"இது எதுக்குன்னு கேக்கறாரும்மா."

"கண்ணு படாம இருக்கன்னு சொல்லு."

சொன்னான். "யாரு கண்ணுன்னு கேக்கறாரு."

நான் நெட்டையன கை காட்டினேன். "இவருதான அப்பப் புடிச்சி மொறச்சிக்கினு கீறாரு." சேகரு அத இங்கிலீசுல சொல்லவே இல்ல. கை காட்டினதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீசு?

எங்கள ஓரமா நிக்க வச்சாங்க. சேகரு பல்லக் கடிச்சிக்கினு, "பர்மிட்டு குடுக்கப்போறதே அவருதான், தெரியுமா"ன்னான். அப்பத்தான் நீட்டின கைய மடக்கினேன்.

நெட்டையன் கையொற மாட்டிக்கினு முன்னாடி ரெண்டு பழத்த எடுத்தான், நண்டு புடிக்கிறா மாரி. அப்புறம் சோதன போட வண்டிய ஷெட்டுக்கு ஓட்டினு போவ அவனே ஏறி ஒக்காந்தான். பின்னாடி ரெண்டு கீதேன்னு வாயத் தொறந்தேன்.

"நீ ஒரு வார்த்த பேசக்கூடாது"ன்னான் சேகரு. வண்டி நகந்துச்சி.

பச்சக்குன்னு ஒரு சத்தம். வாசன எங்க கிட்ட வரைக்கும் வந்துச்சி. கனடா கவருமெண்டே பூசைய முடிச்சி வச்சிடிச்சி.

சாயங்காலம் பர்மிட்டு கெடச்சிச்சி, கூடவே மொழம் நீளத்துக்கு திட்டும். அதுலேர்ந்து சேகரு அந்தப் பாலத்துல போனாலே, "எலுமிச்சம்பழம் கீதா"ன்னு கேட்டுட்டுத்தான் வுடறாங்களாம். நான் ஊருக்குத் திரும்பிட்டேன், இங்க வூட்டுல ரசத்துக்கு பழம் கேக்கணும்னா என் பெரிய மருமவளும் கைய மேல தூக்கிக்கினுதான் கேக்கறா.

நேத்து சேகரு போன் பண்ணான். "யம்மா, அந்த நெட்டையன் புது காரு வாங்கிக்கீறான். உங்கம்மா எப்ப வருவாங்கன்னு கேக்கறான்."

"வரேன்னு சொல்லு. மொதல்ல அவன் காயிதமெல்லாம் சரியா கீதான்னு கேளு"ன்னேன்.