மைத்துனன் ஜாதகமும் என் மேடைப் பேச்சும்

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில், டேட்டாபேஸ் வேலை பார்த்துக்கொண்டு அப்படி ஒரு பல்லி இருந்தது. அது நான்தான்.

2007 வாக்கில் என் மகள் நித்யாவின் மிடில் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். இணையத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது, அடுத்தவர் விஷயத்தை எப்படி மதிப்பது என்று பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாமா என்பது கேள்வி. டிஜிட்டல் குடிமை என்று அதற்குப் பெயர் வேறு. நான் எழுந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) இதெல்லாம் வீட்டில் சொல்லித்தருகிற விஷயம், நான் கம்ப்யூட்டர் துறையிலேயே இருப்பவன், அந்த நேரத்தில் கூடுதலாகக் கணக்கு நடத்துங்கள் என்று என் மதுரை இங்கிலீஷில் முழங்கினேன். பின்வரிசையில் நம்மவர்கள் கைதட்டினார்கள். கருத்துகளைப் பெற்றோர் மின்னஞ்சல் குழுவில் எழுதுங்கள் என்றார் பிரின்சிபால் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் மதுரையிலிருந்து மாமியார் போன்.

"மாப்ள, நம்ம முரளி ஜாதகத்த அங்க நாலு பேருக்கு அனுப்பி வைங்களேன். வயசு ஏறிக்கிட்டே போகுது."

முரளி என் மனைவி கலாவின் தம்பி, அதே டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இன்ஜினியர். கைதட்டல் இன்னும் காதில் ஒலிக்க, உட்கார்ந்த வேகத்தில் அடித்தேன். பிறந்த நேரம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், சம்பளம், விசா நிலவரம், வீட்டு விலாசம், போன் நம்பர். பேங்க் கேட்கும் ரகசியக் கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. நாளைக்குப் பேச்சு வரக்கூடாதே என்று, போன வருஷம் மூலத்துக்கு ஆபரேஷன் ஆகி இப்போது பூரண குணம் என்பதையும் சேர்த்தேன். எல்லாம் நல்ல இங்கிலீஷில். பெறுநர் இடத்தில் 'காப்பெல்' என்று அடித்ததும் ஒரு குழு வந்து நின்றது. தமிழ்க் குடும்பங்கள் குழுதானே என்று அனுப்பிவிட்டேன்.

அது பெற்றோர் குழு.

முதல் பதில் ஓர் அமெரிக்க அப்பாவிடமிருந்து. பையன் நல்ல பையனாகத் தெரிகிறான், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறான் என்று எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டிருந்தார். அடுத்து முரளியே கூப்பிட்டான்.

"மாமா, யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா போன் பண்ணி, உக்கார ரப்பர் குஷன் இருக்கு, ஷிப் பண்ணவான்னு கேக்குறாங்க. என்ன நடக்குது அங்க?"

மறுநாள் நித்யா பையை வீசி எறிந்தாள். வகுப்பு முழுக்க ஆபரேஷன் பேச்சுதானாம். இனிமேல் ஸ்கூலுக்குப் போக மாட்டாளாம்.

"உன்னப் பத்தி ஒண்ணுமே எழுதலையேம்மா," என்றேன்.

"இட்ஸ் மாமாஸ் லைஃப், அப்பா. டிட் யூ ஆஸ்க் ஹிம்?"

எங்கள் குடும்பத்தில் ஜாதகம் அனுப்ப மாப்பிள்ளைப் பையனின் சம்மதத்தைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கூசிப்போயிற்று.

"வாயத் திறந்து பேசுனீங்கல்ல, அதே வாயால போய்ச் சொல்லுங்க," என்றாள் கலா. நித்யாவின் நிபந்தனையும் அதுதான்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்தேன். வகுப்பு வேண்டும், பிள்ளைகளுக்கு முடிந்ததும் எங்களுக்கும் ஒன்று வையுங்கள் என்றேன். இந்த முறை முன்வரிசையும் கைதட்டியது. நித்யா ஸ்கூலுக்குப் போனாள்.

முரளி தானே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். எனக்குக் கடைசியாகத்தான் சொன்னான், அதுவும் போனில். என்னிடம் எழுத்தில் எதுவும் தர மாட்டானாம்.

நித்யாவும் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்த பிறகு, போன மாதம் மாமியார் மறுபடி கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "மாப்ள, நம்ம நித்யா ஜாதகத்த..."

நான் இன்னும் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூட இல்லை. சமையலறையிலிருந்து கலா, மாடியிலிருந்து நித்யா, விருந்துக்கு வந்திருந்த முரளி, மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"டிட் யூ ஆஸ்க் ஹர்?"