மாமா காட்டிய பத்து

படித்த படிப்பைச் சொந்தக்காரர்களிடம் விளக்கவே கூடாது. விளக்கினால் உதவிக்கு வந்துவிடுவார்கள்.

விமானிகளின் வேலைப்பளுவை அளப்பது என் ஆராய்ச்சி. அவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது, "இப்போது பளு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். சும்மா இருந்தால் ஒன்று, சமாளிக்கவே முடியாவிட்டால் பத்து என்று எண்ணில் பதில் சொல்வார்கள். (இதற்கா சென்னையில் ஹாஸ்டல் என்று அப்பா கேட்டார். கேட்கட்டும்.) முதலில் யாராவது டிரைவரிடம் கேட்டுப் பழகு என்றார் பேராசிரியர்.

அந்த வாரம் அண்ணனுக்குப் பெண் பார்க்க, நைனார்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப்பில் கிளம்பினோம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் சாமியாராகிவிடுவேன் என்று அண்ணன் மிரட்டிக்கொண்டிருந்தான். ஓட்டியவர் தாய்மாமா. பக்கத்து சீட்டில் நான்.

"வண்டி ஓட்டிக்கினே மார்க்கு போடணும், அவ்ளோதான? கேளு பாப்பா!" என்றார் மாமா.

கச்சிராயபாளையம் வரை "ரெண்டு", "மூணு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் போட்ட சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

"கேக்கல மாமா!"

விரலால் காட்ட ஆரம்பித்தார். முதலில் நான்கு. அடுத்த வளைவில் ஐந்து. ஆராய்ச்சி அருமையாகப் போனது.

அதற்கடுத்த கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்கியது. விமானத்திலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

மாமா பத்து காட்டினார். இரண்டு கையாலும்.

பஸ் தப்பியது. ஜீப் மலைப்பக்கத்து வாய்க்காலில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு அண்ணன் மட்டும் சேற்றில் விழுந்தான்.

"அந்த நேரத்துல இன்னாடி கேள்வி உனுக்கு?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஸ்டியரிங்கை விட்டவரை விட்டுவிட்டு! அவரோ, "புள்ள கேட்டுச்சி, சொன்னேன்" என்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே கோலத்தில் அண்ணன் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தான். நடந்ததை அம்மா சொல்லச் சொல்ல, காபி கொண்டுவந்த பெண் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். நாலாவதும் போச்சு என்று எல்லோரும் என்னை முறைத்தார்கள். உள்ளேயிருந்து வந்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அதன்பிறகு சம்மதம் என்று சொல்லியனுப்பினாள்.

கல்யாணத்தில் மாமாவுக்கு மோதிரம் போட்டார்கள், அநியாயம்! பேராசிரியர் அந்தப் பத்தை நம்ப முடியாது என்று அடித்துவிட்டார். இன்றுவரை எத்தனையோ விமானிகளைக் கேட்டுவிட்டேன், அவ்வளவு உண்மையாக யாரும் பதில் சொன்னதில்லை ஐயா!

ஊருக்குப் போகும்போதெல்லாம், "வேலை ஜாஸ்தியா அண்ணி?" என்று வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன். உடனே அண்ணி பிடித்திருப்பதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்குவாள். போன தடவை கையில் இருந்தது எனக்கான காபி.