கூடாரத்துக் கடிகாரம்

சாப்பாட்டு மேஜையில் ஒன்பது கடிகாரங்கள் ஒன்பது நேரம் காட்டின. சர்வேயர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தட்டு வைக்க இடம் இருக்கா?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லாரும் மடியில வெச்சு சாப்பிடுங்க."

நிலத்தை அங்குலம் பிசகாமல் அளக்கிற மனிதர். போன வருடம் எண்பது கிலோமீட்டர் குதிரைப் போட்டிக்கு நேரப் பொறுப்பாளராகப் போய்த்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டார். ஓடி வந்த குதிரை, நாடித்துடிப்பு தணிந்து, இருபது நிமிடத்துக்குள் கால்நடை டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். வந்த நேரத்தை வாசலில் குறிப்பார்கள். நின்ற நேரத்தைக் கூடாரத்தில் டாக்டர் சொல்வார். சர்வேயருடைய மைத்துனியின் குதிரைக்கு இருபத்தொரு நிமிடம் என்று கணக்காகிவிட்டது. போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"பத்தொன்பதுதான்! கூடாரத்துல நீங்க மாட்டின ஓட்டைக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுது!" என்று கத்தியவள், அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவமானத்தில் அந்தக் கடிகாரத்தை அவர் அன்றே குப்பையில் வீசிவிட்டார். ஒரு வருடமாக அந்த மௌனம் அவரைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்டி; இந்த முறை ஒரு நொடிகூடப் பிசகக் கூடாது. அவளைப் பேச வைக்காமல் விடுவதில்லை.

சமையலறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதையும் சரிசெய்தார்.

"அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்," என்றாள் மனைவி. "நீங்க நேரத்துக்குக் கிளம்பணுமேன்னு நான்தான் தள்ளி வெச்சேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதையும் பத்து நிமிடம் பின்னால் திருப்பினார். கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"பத்து இல்ல மாப்பிள்ளை, பதினஞ்சு. நேத்து நீங்க லேட்டாப் போனீங்களா, காலையில நானும் ஒரு அஞ்சு தள்ளினேன்."

"உங்க குடும்பத்துக்கே இது வியாதியா?"

"எங்க வீட்ல யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்ல," என்றார் மாமனார் பெருமையாக.

கைப்பேசியைப் பார்த்து மறுபடியும் திருப்பினார். திருப்பின திருப்பில் ஒரு கடிகாரம் முள்ளைக் கழற்றிக் கையில் கொடுத்தது. மறுநாள் மத்தியானம் நான்கு அலாரங்கள் ஒன்றாக அலறியதில், மடியில் தட்டோடு இருந்த மாமனார் எழுந்து நின்றுவிட்டார். நான்கையும் மனைவி வெளியே அனுப்பினாள். குலுங்கினாலும் ஓடுமா என்று பார்க்க, மிச்சத்தைக் கார் டிக்கியில் போட்டுக் கரடுமுரடான பாதையில் ஓட்டினார். ஒரு கடிகாரம் நின்றது. காரும் நின்றது.

ஆனால் மூன்று தேறின. ஐந்து நாள் பார்த்தார், மூன்றும் நொடி பிசகவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மனைவிமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவள் விரல்கள்மேல்தான் இல்லை.

ஞாயிறு விடியலில் புறப்படும் இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, கூடாரத்தில் ஒன்று என்று மாட்டினார். மைத்துனி குதிரையைப் பிடித்தபடி மூன்றையும் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"பரவாயில்லையே அத்தான்," என்றாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. சர்வேயர் சந்தோஷத்தில் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது கால்நடை டாக்டர் பையோடு வந்து சேர்ந்தார். "ஆறு மணிக்கு வரச் சொன்னீங்க, டாண்ணு வந்துட்டேன்!"

சர்வேயர் கூடாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே டாக்டர்."

டாக்டர் மணிக்கட்டைப் பார்த்தார். "இல்லையே, ஆறுதான். நான் அந்தக் கடிகாரத்தையெல்லாம் பார்க்கறதில்ல சார். போன வருஷமும் என் வாட்சைப் பார்த்துத்தானே நேரம் சொன்னேன்?"

சர்வேயர் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "அப்போ தப்பு உங்க வாட்ச்லதான்!"

மைத்துனி திடீரென்று குனிந்து சேணத்து வாரை இறுக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"தப்பா? இருக்கவே இருக்காது," என்றார் டாக்டர் மைத்துனியைக் காட்டி. "லாயத்துக்கு நான் எப்பவும் லேட்டா வர்றேன்னு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவங்கதான் இதை வாங்கி, தன் கையாலயே முள்ளைத் தள்ளி வெச்சுக் கொடுத்தாங்க!"